கில்பர்ட் நியூட்டன் லூயிஸ்

கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் (அக்டோபர் 23, 1875 - மார்ச் 23, 1946) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ் பெற்ற வேதியியலாளர் ஆவார். இரண்டு அணுக்கள் தமக்கிடையே ஓர் இணை எதிர்மின்னிகளைப் பகிர்ந்து கொள்வதே வேதிப் பிணைப்பு என்னும் கருத்தை 1916 இல் முன்வைத்தவர் இவரே. அணுக் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகள் இட்டு மூலக்கூறுகளை வரையும் முறை இவர் பெயரால் லூயிஸ் அமைப்பு அல்லது லூயிஸ் புள்ளி வாய்பாடு என்று வழங்குகிறது. மூலக்கூறுகளின் வடிவத்தை முன்கூட்டியே கணிக்க இன்று கற்பிக்கப்படும் எளிய முறைகள் அனைத்தும் இந்தப் புள்ளிகளில் இருந்தே தொடங்குகின்றன. வெப்ப இயக்கவியல், அமிலம்-காரம் பற்றிய கொள்கை, கனநீர், ஒளிவேதியியல் ஆகிய துறைகளிலும் இவர் பங்களித்துள்ளார். நோபல் பரிசுக்கு 41 முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறை கூட அப்பரிசைப் பெறாதவர் என்பது இவரைப் பற்றிப் பலரும் அறிந்த செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

லூயிஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வேமவுத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிராங்க் வெஸ்லி லூயிஸ் ஒரு வழக்கறிஞர். தாய் மேரி பர் ஒயிட். லூயிசுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் பெரும்பாலும் வீட்டிலேயே பெற்றோரிடம் கல்வி கற்றார். மூன்று வயதிலேயே படிக்கக் கற்றுக் கொண்டார் என்று கூறுவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பயின்ற பின் 1893 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1896 இல் பட்டம் பெற்றார். ஓராண்டு ஆண்டோவரில் உள்ள பிலிப்ஸ் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு மீண்டும் ஹார்வர்டுக்கே திரும்பினார். தியோடர் ரிச்சர்ட்ஸ் என்பாரின் கீழ் ஆய்வு செய்து 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்த ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் ஆவார் (1914). அணு எடைகளை மிகத் துல்லியமாக அளப்பதில் வல்லவரான அவர், அணுவின் உள்ளமைப்பைப் பற்றிய ஊகங்களில் நாட்டம் இல்லாதவர்.

அக்காலத்தில் இயற்பிய வேதியியலின் தாயகமாக விளங்கியது ஜெர்மனி. லூயிசும் அங்கு சென்று லைப்சிக்கில் வில்லெம் ஆஸ்ட்வால்டிடமும், கோட்டிங்கனில் வால்தர் நெர்ன்ஸ்டிடமும் சில காலம் பணியாற்றினார். நெர்ன்ஸ்டுடன் அவருக்கு ஒத்துப் போகவில்லை. பின்னாளில் நெர்ன்ஸ்டின் வெப்ப இயக்கவியல் கணக்குகளில் இருந்த பிழைகளை லூயிஸ் தம் கட்டுரைகளில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். இந்த மனக்கசப்பு அவர் வாழ்க்கையில் பின்னர் எதிரொலித்தது.

1901 இல் ஹார்வர்டுக்குத் திரும்பி விரிவுரையாளரானார். 1904 இல் திடீரென்று அப்பணியை விட்டுவிட்டு, அன்று அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்சின் மணிலா நகருக்குச் சென்று எடை மற்றும் அளவைகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஓராண்டு மட்டுமே அங்கு இருந்தார். மணிலாச் சுருட்டுப் பழக்கம் மட்டும் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. 1905 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்தர் நோய்சின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். 1911 இல் அங்கு பேராசிரியர் ஆனார்.

கனசதுர அணு

எதிர்மின்னி, அதாவது எலக்ட்ரான், 1897 இல் தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் ஐந்தே ஆண்டுகளில், 1902 இல், ஹார்வர்ட் மாணவர்களுக்குத் தனிம வரிசை அட்டவணையை விளக்க முயன்றபோது லூயிசுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அட்டவணையில் எட்டு என்னும் எண் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது? ஒரு கனசதுரத்திற்கு எட்டு மூலைகள். அணுவின் வெளிப்புற எதிர்மின்னிகள் கனசதுரத்தின் மூலைகளில் அமர்ந்துள்ளன என்றும், ஒவ்வொரு தனிமத்திலும் ஒரு மூலை கூடுதலாக நிரம்புகிறது என்றும், எட்டும் நிரம்பினால் மந்த வாயு கிடைக்கிறது என்றும் அவர் கருதினார். சோடியம் ஒன்றை இழந்தும் குளோரின் ஒன்றைப் பெற்றும் நிறைவு அடைவதை இதனால் எளிதில் விளக்க முடிந்தது.

இக்கருத்தை அவர் அப்போது வெளியிடவில்லை. ஒரு தாளில் கனசதுரங்களை வரைந்து வைத்துக் கொண்டார். ஹார்வர்டில் இத்தகைய ஊகங்களுக்கு வரவேற்பு இல்லை என்பது ஒரு காரணம். உப்புகளை விளக்கிய இந்தப் படம் மீத்தேன், ஹைட்ரஜன் போன்ற மின்சுமை அற்ற மூலக்கூறுகளை விளக்கவில்லை என்பது மற்றொரு காரணம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒன்று போலவே இருக்கும்போது எது எதனிடம் எதிர்மின்னியை இழக்கும்? இக்கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

பெர்க்லி

1912 இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லூயிசைத் தன் வேதியியல் கல்லூரியின் தலைவராக அழைத்தது. அதே ஆண்டு மேரி ஹிங்க்லி செல்டன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர். மகன்கள் இருவரும் வேதியியலாளர்கள் ஆயினர்.

லூயிஸ் பெர்க்லியில் ஏற்படுத்திய வழக்கங்கள் அக்காலத்திற்குப் புதியவை. கரிம வேதியியல், கனிம வேதியியல் என்று துறையைக் கூறு போட அவர் விரும்பவில்லை. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான சிறு வகுப்புகளை மூத்த பேராசிரியர்களும் எடுத்தனர். வாரந்தோறும் நடந்த கருத்தரங்கில் லூயிஸ் சுருட்டுடன் மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருப்பார். மாணவர், பேராசிரியர் என்ற வேறுபாடு இன்றி யார் வேண்டுமானாலும் யாரையும் மறுக்கலாம். ஹெரால்ட் யூரி, வில்லியம் ஜியாக், கிளென் சீபோர்க், வில்லார்ட் லிபி ஆகியோர் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னர் நோபல் பரிசு பெற்றவர்கள். மெல்வின் கால்வின் லூயிசால் 1937 இல் பெர்க்லிக்கு அழைத்து வரப்பட்டவர்.

எதிர்மின்னி இரட்டைப் பிணைப்பு

1916 இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் லூயிஸ் எழுதிய அணுவும் மூலக்கூறும் என்ற கட்டுரை வெளியானது. பழைய கேள்விக்கு அவர் கண்ட விடை எளிமையானது. எதிர்மின்னியை ஓர் அணு மற்றோர் அணுவிடம் இழக்க வேண்டியதில்லை. இரண்டும் அதைப் பகிர்ந்து கொள்ளலாம். பகிரப்படும் எதிர்மின்னி ஒரே நேரத்தில் இரண்டு அணுக்களின் கணக்கிலும் சேரும். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த இரண்டு எதிர்மின்னிகள் இருவருக்கும் பொதுவாகின்றன. அறுபது ஆண்டுகளாக வேதியியலாளர்கள் அணுக்களுக்கிடையே வரைந்து வந்த சிறு கோட்டிற்கு இவ்வாறு முதன்முறையாக ஒரு பொருள் கிடைத்தது: ஒரு கோடு என்பது இரண்டு எதிர்மின்னிகள்.

பகிர்வு எப்போதும் சமமாக இருக்க வேண்டும் என்றும் அவர் கூறவில்லை. இரட்டை ஓர் அணுவின் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் முனைவுள்ள மூலக்கூறு கிடைக்கும். முற்றிலும் ஒரு பக்கம் போய்விட்டால் அயனிகள் கிடைக்கும். ஆக, உப்பும் மீத்தேனும் இரண்டு வெவ்வேறு உலகங்கள் அல்ல. ஒரே தொடரின் இரு முனைகள். இக்கட்டுரையின் ஆழமான பகுதி இதுவே எனலாம். அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்தர் கோசெல் என்பவரும் எட்டு எதிர்மின்னிகளின் நிறைவைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் அயனிப் பிணைப்போடு நின்றுவிட்டார்.

கனசதுரத்தையும் லூயிஸ் இங்குத் திருத்தினார். இரண்டு கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பகிர்ந்தால் ஒற்றைப் பிணைப்பு. ஒரு முகத்தைப் பகிர்ந்தால் இரட்டைப் பிணைப்பு. ஆனால் அசிட்டிலீன், நைட்ரஜன் ஆகியவற்றில் உள்ள முப்பிணைப்பைக் கனசதுரங்களால் காட்ட வழியே இல்லை. எனவே எட்டு எதிர்மின்னிகளும் எட்டு மூலைகளில் தனித்தனியே இல்லாமல், இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு இரட்டைகளாக ஒரு நான்முகியின் மூலைகளில் உள்ளன என்று மாற்றிக் கொண்டார். லூயிஸ் பிறப்பதற்கு முந்தைய ஆண்டான 1874 இல் வான்ட் ஹாஃப், லெபெல் ஆகிய இருவரும் கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கியுள்ளன என்று தனித்தனியே கூறியிருந்தனர். கரிம வேதியியலாளர்கள் தம் அனுபவத்தால் கண்ட அந்த வடிவத்திற்கு எதிர்மின்னிகளில் காரணம் காட்டியவர் லூயிஸ்.

இயற்பியலாளர்களுக்கு இது ஏற்புடையதாக இல்லை. நீல்ஸ் போரின் அணுவில் (1913) எதிர்மின்னிகள் அணுக்கருவைச் சுற்றி ஓடுகின்றன. லூயிசின் அணுவிலோ அவை அசையாமல் மூலைகளில் அமர்ந்துள்ளன. மேலும் ஒன்றையொன்று விலக்கும் இரண்டு எதிர்மின்னிகள் எவ்வாறு இணை சேரும்? மிகக் குறைந்த தொலைவில் கூலும் விதி பொருந்தாமல் போகலாம் என்று லூயிஸ் கருதினார். இந்த விளக்கம் தவறு. ஆனால் இரட்டைகள் உண்மை. 1927 இல் ஹைட்லர், லண்டன் ஆகிய இருவரும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறை ஆராய்ந்தபோது, எதிரெதிர்த் தற்சுழற்சி உள்ள இரண்டு எதிர்மின்னிகளே பிணைப்பை உண்டாக்குகின்றன என்று தெரிந்தது. காரணம் அறியாமலேயே வேதியியல் சான்றுகளை மட்டும் வைத்து லூயிஸ் சரியான இடத்திற்கு வந்து சேர்ந்திருந்தார்.

லாங்மியூரும் பெயர் பற்றிய சிக்கலும்

முதல் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபட்டபின் லூயிஸ் இராணுவத்தில் சேர்ந்து 1918 இல் பிரான்சுக்குச் சென்றார். நச்சு வாயுக்களில் இருந்து வீரர்களைக் காக்கும் பணிக்குப் பொறுப்பேற்றார். அவர் ஆய்வில் இருந்து விலகியிருந்த இக்காலத்தை ஒட்டி, 1919 இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இர்விங் லாங்மியூர் அக்கொள்கையை எடுத்து விரிவாக்கி எழுதத் தொடங்கினார். லாங்மியூர் சிறந்த பேச்சாளர். எண்ம விதி, சகப்பிணைப்பு ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களைப் பரப்பியவர் அவரே. அவர் பேசிய இடமெல்லாம் கூட்டம் கூடியது. லூயிசின் கட்டுரையைப் பெரிதாகக் கவனிக்காதவர்கள் கூட லாங்மியூர் வழியாக அதை அறிந்து கொண்டனர். விரைவில் அது லூயிஸ்-லாங்மியூர் கொள்கை என்றும், சில இடங்களில் லாங்மியூர் கொள்கை என்றுமே வழங்கத் தொடங்கியது.

லாங்மியூர் தம் கட்டுரைகளில் லூயிசுக்கு உரிய மதிப்பை அளித்தே எழுதினார். எனினும் லூயிஸ் மனம் வருந்தினார். இரட்டைப் பெயர் இருவரும் சேர்ந்து உழைத்தது போன்ற எண்ணத்தைத் தருகிறது என்பதை 1923 இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். 1902 இல் தாம் கனசதுரங்களை வரைந்த அந்தப் பழைய தாளின் படத்தையும் அந்நூலில் சேர்த்தார். வெளியிடாத எண்ணத்திற்கு அவர் சான்று காட்ட வேண்டியிருந்தது இதனால் தான்.

இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடும் உண்டு. லாங்மியூர் எட்டு என்னும் எண்ணையே அடிப்படையாகக் கொண்டார். லூயிசோ எட்டைக் காட்டிலும் இரண்டே அடிப்படையானது என்றார். கந்தக ஹெக்சாபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு எதிர்மின்னிகள் வருகின்றன; போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே உள்ளன. எட்டு தவறும் இடங்களிலும் இரண்டு தவறுவதில்லை. பிற்கால ஆய்வுகள் லூயிசின் பக்கமே நின்றன.

மூலக்கூறு வடிவங்களைக் கணித்தல்

லூயிஸ் அமைப்பு தாளில் வரையும் தட்டையான படம். அதில் கோணங்கள் இல்லை. அதிலிருந்து முப்பரிமாண வடிவத்தைப் பெறும் வழியைச் சிட்ஜ்விக், பவல் ஆகியோர் 1940 இலும், கில்லெஸ்பி, நைஹோம் ஆகியோர் 1957 இலும் வகுத்தனர். இணைதிறக் கூட்டில் உள்ள எதிர்மின்னி இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதால் கூடியவரை விலகி நிற்கும் என்பதே இதன் சாரம். இரண்டு இரட்டைகள் எனில் நேர்கோடு, மூன்று எனில் முக்கோணம், நான்கு எனில் நான்முகி, ஆறு எனில் எண்முகி.

ஓர் எடுத்துக்காட்டாக நீரைக் கொள்ளலாம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எதிர்மின்னிகள். இரண்டு ஹைட்ரஜன்கள் தருவது இரண்டு. மொத்தம் எட்டு, அதாவது நான்கு இரட்டைகள். இவற்றில் இரண்டு பிணைப்பு இரட்டைகள்; மற்ற இரண்டும் பிணைப்பில் சேராத தனித்த இரட்டைகள். நான்கும் நான்முகியின் மூலைகளை நோக்கினாலும் அணுக்கள் இருப்பது இரண்டு மூலைகளில் மட்டுமே. எனவே நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் வளைந்துள்ளது. தனித்த இரட்டை ஒரே அணுக்கருவால் மட்டும் ஈர்க்கப்படுவதால் அதிக இடத்தை எடுத்துக் கொண்டு மற்றவற்றை நெருக்குகிறது. தனித்த இரட்டை ஏதும் இல்லாத மீத்தேனில் கோணம் 109.5 பாகை, ஒன்று உள்ள அம்மோனியாவில் சுமார் 107 பாகை, இரண்டு உள்ள நீரில் 104.5 பாகை.

கார்பன் டைஆக்சைடும் கந்தக டைஆக்சைடும் எழுத்தில் ஒன்று போல் தோன்றும். முன்னதில் கார்பன் மீது தனித்த இரட்டை இல்லை, மூலக்கூறு நேர்கோடு. பின்னதில் கந்தகத்தின் மீது ஒரு தனித்த இரட்டை உண்டு, மூலக்கூறு வளைந்தது. புள்ளிகளைச் சரியாக எண்ணாமல் வாய்பாட்டை மட்டும் பார்த்து வடிவம் கூறும் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கே தான்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறை லூயிஸ் முறையில் வரைந்தால் எல்லா எதிர்மின்னிகளும் இணை சேர்ந்துவிடும். ஆனால் திரவ ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது. அப்படியெனில் இணை சேராத எதிர்மின்னிகள் அதில் இருக்க வேண்டும். இதை லூயிசே நன்கு அறிந்திருந்தார். திரவ ஆக்சிஜனின் காந்தப் பண்பைப் பற்றி 1924 இல் அவர் எழுதியும் உள்ளார். இதற்கான முழு விளக்கம் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வந்த பின்னரே கிடைத்தது.

பிற ஆய்வுகள்

1923 ஆம் ஆண்டு லூயிசின் வாழ்வில் சிறப்பானது. பிணைப்பைப் பற்றிய நூலும், மெர்ல் ராண்டலுடன் சேர்ந்து எழுதிய வெப்ப இயக்கவியல் நூலும் அவ்வாண்டே வெளியாயின. இரண்டாவது நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. ஒரு வேதிவினை தானே நிகழுமா என்பதைக் கட்டற்ற ஆற்றலின் அட்டவணையைப் பார்த்தே கூற முடியும் என்று இந்நூல் காட்டியது. ஃபியூகாசிட்டி, அயனி வலிமை போன்ற கருத்துகளும் லூயிஸ் தந்தவையே.

எதிர்மின்னி இரட்டையை ஏற்பது அமிலம், கொடுப்பது காரம் என்ற வரையறையையும் 1923 இலேயே அவர் தந்தார். இதன்படி ஹைட்ரஜனே இல்லாத போரான் டிரைபுளூரைடும் ஓர் அமிலம். அது அம்மோனியாவின் தனித்த இரட்டையை ஏற்றுக் கொள்கிறது. அதே ஆண்டில் புரான்ஸ்டெட், லவுரி ஆகியோர் தந்த புரோட்டான் வரையறை உடனே பரவியது. லூயிஸ் வரையறை 1938 இல் அவரே மீண்டும் எழுதிய பிறகே கவனம் பெற்றது.

போட்டான் என்ற சொல் அறிவியலில் நிலைபெற்றது 1926 இல் நேச்சர் இதழுக்கு லூயிஸ் எழுதிய கடிதத்தால் தான். அவர் அச்சொல்லால் குறித்தது ஆக்கவும் அழிக்கவும் முடியாத ஒரு துகளை. அக்கருத்து மறைந்துவிட்டது, சொல் மட்டும் ஐன்ஸ்டைனின் ஒளித்துகளுக்குப் பெயராகிவிட்டது.

தம் முன்னாள் மாணவரான யூரி 1931 இல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்ததும் லூயிஸ் அத்துறையில் முழு மூச்சுடன் இறங்கினார். 1933 இல் ஏறக்குறையத் தூய கனநீரை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அதில் புகையிலை விதைகள் முளைப்பதில்லை என்று கண்டார். ஓர் எலிக்கும் கொடுத்துப் பார்த்தார். லாரன்சின் சைக்ளோட்ரானுக்கும் கனநீர் வழங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை விரைந்து வெளியிட்டார். 1934 ஆம் ஆண்டின் நோபல் பரிசு யூரிக்கு மட்டும் வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர் யூரி என்பதால் இதைத் தவறென்று கூற இயலாது. எனினும் அதன் பின் லூயிஸ் கனநீர் ஆய்வைக் கைவிட்டார். அதே ஆண்டில் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர் பதவியில் இருந்தும் விலகினார்.

இறுதி ஆண்டுகளில் ஒளியும் நிறமும் அவரை ஈர்த்தன. 1944 இல் மைக்கேல் காசாவுடன் சேர்ந்து, சில பொருட்கள் ஒளி நீக்கிய பின்னும் ஒளிர்வதற்குக் காரணம் இரண்டு எதிர்மின்னிகள் இணை பிரிந்து நிற்கும் மும்மை நிலையே என்று கூறினார். முதலில் எதிர்ப்பைச் சந்தித்த இக்கருத்தை, அந்நிலையின் காந்தப் பண்பை அளந்து உறுதி செய்தனர். பிணைப்பில் எதிர்மின்னிகளை இணை சேர்த்தவர், அவை இணை பிரிவதையும் இவ்வாறு ஆராய நேர்ந்தது.

நோபல் பரிசு

லூயிசுக்கு நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை என்பது இன்றும் பேசப்படுகிறது. நெர்ன்ஸ்டின் நண்பரான வில்லெம் பால்மர் நோபல் குழுவில் இருந்ததையும், லூயிசின் வெப்ப இயக்கவியல் பணிகளைப் பற்றி அவர் எதிராக அறிக்கை அளித்ததையும் சில வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். பிணைப்புக் கொள்கையை ஓர் ஊகமாகவே குழு கருதியதும் காரணமாக இருக்கலாம். குவாண்டம் இயக்கவியல் அதை உறுதி செய்தபோது புகழ் புதியவர்களைச் சேர்ந்தது. லாங்மியூர் 1932 இல் பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்றார். லைனஸ் பாலிங் 1954 இல் பிணைப்பு பற்றிய ஆய்வுகளுக்காகப் பெற்றார். வேதிப் பிணைப்பின் தன்மை என்னும் தம் புகழ் பெற்ற நூலைப் (1939) பாலிங் லூயிசுக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

மறைவு

மார்ச் 23, 1946 அன்று, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டம் பெற வந்திருந்த லாங்மியூரும் கலந்து கொண்ட மதிய உணவுக்குப் பின் லூயிஸ் ஆய்வகத்திற்குத் திரும்பினார். திரவ ஹைட்ரஜன் சயனைடைக் கொண்டு ஆய்வு செய்து கொண்டிருந்தார். பிற்பகலில் ஒரு மாணவர் உள்ளே வந்தபோது லூயிஸ் மேசைக்கு அடியில் இறந்து கிடந்தார். ஆய்வுக் கருவியில் இருந்து நச்சு வாயு கசிந்திருந்தது. இதயத் தமனி நோயால் மரணம் நேர்ந்தது என்று மருத்துவ விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. தற்கொலையாக இருக்கலாம் என்று பின்னாளில் சிலர் ஐயுற்றாலும் அதற்கு உறுதியான சான்று இல்லை. அப்போது அவருக்கு வயது 70.

பெர்க்லி வளாகத்தில் 1948 இல் கட்டப்பட்ட வேதியியல் கட்டடத்திற்கு லூயிஸ் மண்டபம் என்று பெயரிடப்பட்டுள்ளது.